ஐம்பத்து மூன்று நிலையங்கள்

தோக்கியோ மாநகரின் நடுவே நிஹோன்பாஷி என்னும் பாலம் ஒன்று உள்ளது. 1603ஆம் ஆண்டில் மரத்தால் அமைக்கப்பெற்று, தீயாலும் காலத்தாலும் பன்முறை அழிந்து, பன்முறை புதுப்பிக்கப்பெற்று, 1911ஆம் ஆண்டில் கல்லால் கட்டப்பெற்ற பாலம் அது. பாலத்தின் நடுவில் உலோகத் தகடு ஒன்று தரையோடு தரையாகப் பதிக்கப்பெற்றிருக்கிறது. ஜப்பானின் நெடுஞ்சாலைகளுக்கு அத்தகடே தொடக்கப் புள்ளி. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், விடியற்பொழுதில் வைக்கோல் செருப்பணிந்து, தோளில் சிறு மூட்டையைத் தொங்கவிட்டு, மக்கள் கால்நடையாகப் புறப்பட்ட இடமும் இதுவே. அவர்கள் சென்ற பாதையின் பெயர் தோக்கைடோ. ‘கிழக்குக் கடல் வழி’ என்பது அதன் பொருள்.

எடோ என்று அந்நாளில் பெயர் பெற்றிருந்த தோக்கியோவையும், பேரரசர் வாழ்ந்த கியோத்தோ நகரையும் இணைத்த இச்சாலையின் நீளம் ஏறத்தாழ 490 கிலோமீட்டர். இடையே ஐம்பத்து மூன்று நிலையங்கள். நடப்பவர்க்கு ஏறக்குறைய இரண்டு கிழமைப் பயணம். இன்று ஜப்பானுக்குச் செல்லும் பயணி விரும்பிக் காணும் காட்சிகளும், விரும்பி உண்ணும் உணவுகளும், கற்க விழையும் கைத்தொழில்களும் பெரும்பாலும் இச்சாலையின் ஓரத்திலோ, இச்சாலை சென்றடைந்த நகரங்களிலோ வளர்ந்தவையே. ஆனால் இச்சாலை இன்பப் பயணத்திற்காக அமைக்கப்பட்டதன்று. மக்களை அடக்கி வைப்பதற்கென்று ஆட்சியாளர் அமைத்த சாலையை மக்கள் தங்கள் பள்ளிக்கூடமாக்கிக் கொண்ட வரலாறே தோக்கைடோவின் வரலாறு.

அச்சத்தில் பிறந்த சாலை

1600ஆம் ஆண்டில் செக்கிகஹாரா என்னுமிடத்தில் நிகழ்ந்த பெரும்போரில் தொக்குகாவா இயேயாசு வென்றார். மூன்று ஆண்டுகள் கழித்து ஷோகுன் என்னும் படைத்தலைமைப் பட்டத்தையும் பெற்றார். நூறாண்டுக்கும் மேலாக உள்நாட்டுப் போர்களால் சிதைந்திருந்த நாட்டைத் தம் குடும்பத்தின் பிடியில் நிலைநிறுத்த வேண்டுமாயின், செய்தியும் படையும் விரைந்து செல்லச் சாலைகள் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே 1601ஆம் ஆண்டிலேயே தோக்கைடோவின் நிலையங்களுக்கு ஆணை பிறந்தது. ஒவ்வொரு நிலையமும் ஆட்சியின் தூதர்க்குக் குதிரைகளையும் சுமையாட்களையும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவுக்கு ஒரு மண்மேடு எழுப்பி, அதன்மேல் மரம் நட்டு, தொலைவைக் குறித்தார்கள். எடோவிலிருந்து இவ்வாறு ஐந்து பெருஞ்சாலைகள் பிரிந்தன. அவற்றுள் முதன்மையானது தோக்கைடோ.

1635ஆம் ஆண்டில் மூன்றாம் ஷோகுனாகிய இயேமிட்சு மேலும் ஒரு சட்டத்தை உறுதிப்படுத்தினார். நாட்டின் சிற்றரசர்கள் ஓராண்டு தம் நாட்டிலும் மறு ஆண்டு எடோவிலும் மாறிமாறி வாழ வேண்டும். அவர்தம் மனைவி மக்கள் எப்போதும் எடோவிலேயே தங்கியிருத்தல் வேண்டும் என்பது அச்சட்டம். மனைவி மக்கள் பிணையாயினர். படை பரிவாரத்தோடு ஆண்டுதோறும் போய்வரும் செலவே சிற்றரசர்களின் கருவூலத்தை இளைக்கச் செய்தது. அதே ஆண்டில் ஜப்பானியர் எவரும் கடல் கடந்து செல்லலாகாது என்றும், சென்றவர் திரும்பினால் மரண தண்டனை என்றும் ஆணையிடப்பட்டது. வெளியுலகின் வாயில் இவ்வாறு மூடப்பட்டது. உள்நாட்டின் சாலைகளோ மேன்மேலும் செப்பமாயின.

சாலையில் சாவடிகளும் இருந்தன. ஹக்கோனே மலையில் 1619ஆம் ஆண்டில் அமைந்த சாவடி பெயர் பெற்றது. உள்ளே வரும் துப்பாக்கி, வெளியே செல்லும் பெண் ஆகிய இரண்டையும் கண்காணிப்பதே சாவடிகளின் தலையாய கடமையென்று அக்காலத்தில் சொல்லப்பட்டது. துப்பாக்கி எடோவிற்குள் நுழைந்தால் கலகம் மூளும். பிணையாக இருக்கும் பெண் எடோவை விட்டுத் தப்பினால், அவள் கணவனாகிய சிற்றரசன் அச்சமின்றிக் கிளர்ந்தெழுவான். ஆகவே சாவடிகளில் பெண்களைச் சோதிக்கப் பெண் அலுவலர் அமர்த்தப்பட்டனர். கூந்தலை அவிழ்த்துக்கூடச் சோதித்தார்கள். 1869ஆம் ஆண்டில் சாவடிகள் ஒழிக்கப்பட்டன. ஹக்கோனே சாவடியைப் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி, 2007ஆம் ஆண்டில் பணியை நிறைவு செய்திருக்கிறார்கள். ஏரிக்கரையின் எழிலைக் கண்டு மகிழும் பயணி, அச்சாவடிக்குள்ளும் சற்று நின்று பார்த்தல் நன்று.

வழிபாடு என்னும் அனுமதிச்சீட்டு

இவ்வளவு கட்டுப்பாட்டிற்கிடையே எளிய உழவனும் கடைப்பணியாளனும் எவ்வாறு பயணம் செய்தார்கள்? அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. அதுவே வழிபாடு. பொழுதுபோக்கிற்காக ஊரை விட்டு நீங்குதல் எளிதன்று. ஆயினும் இசே பெருங்கோயிலுக்குச் செல்கிறேன் என்பவனைத் தடுக்க எவரும் துணியவில்லை. கதிரவன் தெய்வமாகிய அமதெராசுவின் கோயில் அது. கி.பி. 690ஆம் ஆண்டு தொடங்கி, இடையில் போர்க்காலத்தில் நேர்ந்த தடை நீங்கலாக, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்கோயில் முற்றிலும் புதிதாகக் கட்டப்பட்டு வருகிறது. அறுபத்திரண்டாம் முறையாக 2013ஆம் ஆண்டில் அது எழுப்பப்பட்டது. தச்சன் தன் கைத்திறனை அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பதற்கு இதனினும் சிறந்த ஏற்பாடு அரிது.

இசேக்குச் செல்லும் செலவு ஓர் உழவனால் தாங்கக்கூடியதன்று. எனவே சிற்றூர்களில் குழுக்கள் அமைந்தன. நம் மக்கள் சீட்டுப் பிடிப்பதுபோல, ஒவ்வொருவரும் சிறுதொகை செலுத்துவர். குலுக்கலில் பெயர் வந்தவர் ஊர் அனைத்தின் சார்பிலும் இசேக்குச் சென்று வருவர். சென்றவர் வெறுங்கையோடு திரும்புதல் தகாது. பணம் கொடுத்து அனுப்பியவர்க்கெல்லாம் கோயில் காப்புச் சீட்டுகளும் நாட்காட்டியும் சிறு பரிசுகளும் கொண்டு வருவார். புதிய நெல்விதைகளையும் சிலர் கொண்டு வந்தனர். இன்றும் ஜப்பானியர் எவ்வூர் சென்றாலும் அலுவலகத் தோழர்க்கும் அண்டை வீட்டார்க்கும் அவ்வூர்த் தின்பண்டம் வாங்கி வரும் வழக்கத்திற்கு இதுவே வேர்களுள் ஒன்று என்பர்.

சில ஆண்டுகளில் இப்பயணம் பெருவெள்ளமாகப் பொங்கியதும் உண்டு. 1705, 1771, 1830 ஆகிய ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் இசே நோக்கித் திரண்டனர். 1830ஆம் ஆண்டில் மட்டும் நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சென்றனர் என மதிப்பிடுகின்றனர். அந்நாளைய மக்கள்தொகையோ ஏறத்தாழ மூன்று கோடி. தலைவனிடம் சொல்லாமலேயே வேலையாட்களும், பெற்றோரிடம் சொல்லாமலேயே சிறுவர்களும் புறப்பட்டனர். கையில் ஓர் அகப்பை இருந்தாற் போதும்; அவர் இசேக்குச் செல்பவர் என்பதை வழியோரத்தார் உணர்ந்து, அதில் அரிசியோ காசோ இடுவர். நோயுற்றவர் தம் நாயின் கழுத்தில் காசுமுடிப்பைக் கட்டி அனுப்பியதும், வழியில் கண்டவர் அதற்கு உணவிட்டுக் கோயில்வரை சேர்த்ததும் அக்கால ஏடுகளிலும் ஓவியங்களிலும் பதிவாகியுள்ளன. ஆட்சி அஞ்சிக் காத்த சாலையில், மக்கள் ஒருவரையொருவர் நம்பி நடந்தார்கள்.

கையேடும் கதையும் ஓவியமும்

பயணிகள் பெருகவே, பயண நூல்களும் பெருகின. 1810ஆம் ஆண்டில் யாசுமி ரோஅன் என்பவர் வெளியிட்ட பயணக் கையேடு ஒன்றில் அறுபத்தொரு அறிவுரைகள் உள்ளன. முதல் நாளில் விரைந்து நடத்தலாகாது. செருப்பு காலுக்குப் பொருந்துகிறதா என்று நோக்குதல் வேண்டும். விடுதியை அடைந்தவுடன் திசையையும், கழிப்பறையையும், வெளியேறும் வழியையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும் என்றெல்லாம் அந்நூல் கூறுகிறது. இன்றைய பயணிக்கும் பொருந்தாத அறிவுரை இவற்றுள் ஒன்றுமில்லை.

1802ஆம் ஆண்டு முதல் ஜிப்பென்ஷா இக்கு என்பவர் எழுதி வெளியிட்ட நகைச்சுவைக் கதை, யாஜி, கித்தா என்னும் இரு எடோ நகரத்தாரைத் தோக்கைடோ வழியே நடத்திச் சென்றது. ஒடவாரா நிலையத்து விடுதியில் புதுவகை நீர்த்தொட்டியில் எவ்வாறு இறங்குவதென்று தெரியாமல், மரச்செருப்போடு இறங்கி, தொட்டியின் அடியையே உடைத்துவிடுகிறார்கள் அவர்கள். அறிவாளியென்று தன்னை எண்ணிக்கொள்ளும் நகரத்தான் அயலூரில் படும் பாட்டைப் படித்து நாடே சிரித்தது.

1833ஆம் ஆண்டளவில் ஹிரோஷிகே என்னும் ஓவியர் ஐம்பத்து மூன்று நிலையங்களையும் இரு முனைகளையும் சேர்த்து ஐம்பத்தைந்து ஓவியங்களாகத் தீட்டினார். மர அச்சில் பதிக்கப்பட்ட அவ்வோவியங்கள் எளியோரும் வாங்கும் விலையில் விற்கப்பட்டன. அவற்றில் அரண்மனைகள் மிகுதியில்லை. மழையில் குடை சாய்த்து ஓடும் சுமைதூக்கிகளும், விடுதி வாயிலில் பயணியைப் பிடித்திழுக்கும் பணிப்பெண்களும், உணவுக்கடையில் அமர்ந்து உண்ணும் வழிப்போக்கருமே அங்கு நிறைந்திருக்கின்றனர். எளிய மக்களின் வாழ்க்கையை வரலாற்றுக்குத் தந்த பெருமை அவருக்குண்டு.

வழிநடைச் சிற்றுண்டி

ஹிரோஷிகேயின் ஓவியங்களுள் ஒன்று மாரிக்கோ நிலையத்தின் உணவுக்கடையைக் காட்டுகிறது. மலையில் விளையும் ஒருவகை வள்ளிக்கிழங்கைத் துருவிக் குழம்பாக்கி, வாற்கோதுமை கலந்த சோற்றின்மேல் ஊற்றி உண்பதே அங்குச் சிறப்பு. 1596ஆம் ஆண்டில் தொடங்கியதாகக் கூறப்படும் கடையொன்று கூரை வேய்ந்த வீட்டில் இன்றும் அவ்வுணவைப் பரிமாறுகிறது. அபெ ஆற்றங்கரையில் சோயா மாவு தூவிய அரிசி உருண்டை, குவானாவில் சுட்ட மட்டி, இசேயில் 1707ஆம் ஆண்டு முதல் விற்கப்படும் இனிப்புப் பயறு பூசிய அரிசி உருண்டை என ஊர்தோறும் ஓர் உணவு பெயர் பெற்றது. ஹக்கோனேயின் செங்குத்தான கற்பாதையில் ஏறிக் களைத்தவர்க்கு நொதித்த அரிசியால் ஆன இனிய பானம் வழங்கிய கடையும் இன்றளவும் உள்ளது.

சாலை முடிவடைந்த எடோ நகரமோ பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகரம். 1657ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பின்னர் நகரை மீண்டும் கட்டுவதற்காகத் தச்சரும் கூலியாட்களும் திரண்டனர். சிற்றரசரோடு வந்த வீரர்களும் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியராய் வாழ்ந்தனர். சமைப்பார் இல்லாத ஆடவர் மிகுந்த நகரில் தள்ளுவண்டிக் கடைகளும் தெருவோரக் கடைகளும் பெருகியதில் வியப்பில்லை. பதினாறு செப்புக்காசுக்கு ஒரு கிண்ணம் ‘சோபா’ மீ கிடைத்தது. போர்த்துகீசியரின் சமையலிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ‘தெம்புரா’ குச்சியில் செருகப்பட்டுத் தெருவிலேயே பொரிக்கப்பட்டது. இன்று விலையுயர்ந்த உணவகங்களில் பணிவோடு பரிமாறப்படும் சூஷியும் அந்நாளில் தெருவுணவே. மீனைச் சோற்றில் புதைத்துப் பல திங்கள் புளிக்க வைப்பது பழைய முறை. காத்திருக்க நேரமில்லாத எடோ நகரத்தார்க்காகப் புளிக்காடி கலந்த சோற்றின்மேல் மீன்துண்டை வைத்து, கையால் பிடித்துக் கொடுக்கும் முறை 1820களில் பரவியது. ஹனாயா யோஹெய் என்பவரை இதற்கு முன்னோடியாகக் கூறுவர். நின்றுகொண்டே தின்றுவிட்டுப் போகும் உழைப்பாளியின் பசிக்குப் பிறந்த உணவு அது.

விற்பனைக்காக வளர்ந்த கைத்தொழிலும் கலையாயிற்று. நருமி நிலையத்தை அடுத்துள்ள அரிமாட்சு என்னும் ஊரில் துணியை நூலால் முடிச்சிட்டு அவுரிச் சாயத்தில் தோய்க்கும் தொழில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. மதுரைச் சுங்குடிச் சேலையைக் கண்டவர்க்கு அம்முறையை விளக்கத் தேவையில்லை. பயணிகள் வாங்கிச் சென்ற கைத்துண்டுகளால் அவ்வூர் வாழ்ந்தது. இன்றும் வருவோர் அங்கு அமர்ந்து முடிச்சிடக் கற்கலாம். ஹக்கோனே மலையிலோ பல நிற மரத்துண்டுகளை ஒட்டி, சாயம் பூசாமலேயே கோலமிடும் தச்சுவேலை வளர்ந்தது.

சாலையோரத்து எனோஷிமா தீவில் வணங்கப்படும் பென்சாய்த்தென், பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனம் வழியாகச் சென்ற கலைமகளேயாவாள். கையில் வீணைக்கு மாற்றாக ‘பீவா’ என்னும் யாழ்வகைக் கருவி இருக்கிறது. இசைக்கலைஞர்கள் எடோவிலிருந்து நடந்து வந்து அவளை வணங்கினர்.

இன்பத்தின் மறுபக்கம்

சாலையின் இனிமையை மட்டும் சொல்லி நிறுத்துதல் வரலாறாகாது. நிலையத்துக் குதிரைகளும் ஆட்களும் போதாதபோது, அண்டைச் சிற்றூர் மக்கள் வயல்வேலையை விட்டுவிட்டுச் சுமைதூக்க வரவேண்டுமென்பது ஆணை. இச்சுமை ஏற ஏற உழவர் நலிந்தனர். நக்காசெண்டோ என்னும் மற்றொரு பெருஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் 1764ஆம் ஆண்டில் உழவர் பெருங்கிளர்ச்சி செய்ததும் இதனாலேயே. வறிய குடும்பங்கள் கடனுக்காக விடுதிகளுக்கு விற்ற பெண்களின் கண்ணீரும் இச்சாலையில் விழுந்திருக்கிறது.

ஓயி ஆற்றில் பாலம் கட்டவும், ஓடம் விடவும் ஆட்சி இசையவில்லை. எடோவைப் பகைவரிடமிருந்து காக்கவே இத்தடை என்பது மரபான விளக்கம். பயணிகள் ஆட்களின் தோளேறியே ஆற்றைக் கடந்தனர். நீர் தொடையளவா, இடையளவா, மார்பளவா என்பதற்கேற்பக் கூலி மாறுபட்டது. வெள்ளம் பெருகினால் கடத்தல் நின்றுவிடும். பயணிகள் நாட்கணக்கில் கரையில் காத்திருப்பர்.

1868ஆம் ஆண்டில் தொக்குகாவா ஆட்சி வீழ்ந்தது. 1870ஆம் ஆண்டில் ஆறு கடத்தும் முறையும் ஒழிக்கப்பட்டது. ஒரே ஆணையில் தோளால் பிழைத்தவர் வேலையிழந்தனர். முன்னாள் ஷோகுனின் வீரர்களும் வேலையற்றிருந்தனர். ஆற்றருகேயுள்ள மாகினோஹாரா மேட்டுநிலத்தைத் திருத்தி, வாள் பிடித்தவரும் சுமை தூக்கியவரும் தேயிலை பயிரிடத் தொடங்கினர். 1879ஆம் ஆண்டில் அவர்கள் போக்குவரத்திற்காக அவ்வாற்றின்மீது மரப்பாலம் எழுந்தது. ஏறத்தாழ 897 மீட்டர் நீளமுள்ள அப்பாலத்தில் இன்றும் நடந்து செல்லலாம். அவ்வட்டாரமோ இன்று நாட்டின் தலைசிறந்த தேயிலை நிலங்களுள் ஒன்று.

1889ஆம் ஆண்டில் தோக்கியோவிலிருந்து கோபேவரை தோக்கைடோ இரயில்பாதை நிறைவெய்தியது. நடந்து சென்றோர் குறைந்தனர், நிலையங்கள் உறங்கின. 1964ஆம் ஆண்டில் புதிய விரைவு இரயில் வந்தபின் இரண்டு கிழமைப் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. பல நிலையங்களின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. அந்நாளில் நக்காசெண்டோ சாலையின் சுமாகோ என்னும் சிற்றூர் மக்கள் வேறுவழி கண்டனர். 1968ஆம் ஆண்டில் பழைய வீடுகளைச் செப்பனிடத் தொடங்கிய அவர்கள், 1971ஆம் ஆண்டில் ஊர்ச்சாசனம் ஒன்றை வகுத்தனர். விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம் என்பதே அதன் சாரம். அரசின் காப்புச் சட்டம் அவ்வூருக்கு 1976ஆம் ஆண்டில்தான் வந்தது. தோக்கைடோவின் செக்கி நிலையமும் 1984ஆம் ஆண்டில் இவ்வாறே காக்கப்படும் ஊராயிற்று. மரபைக் காத்தவர் முதலில் அவ்வூர் மக்களே; அரசு பின்னரே வந்தது.

இரு சின்னங்கள்

நிஹோன்பாஷிப் பாலத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், யாசுக்குனி ஆலயத்தை ஒட்டிய போர்க் காட்சியகத்தில், கறுப்பு நிறப் புகைவண்டி இயந்திரம் ஒன்று நிற்கிறது. சி56 வகையைச் சேர்ந்த 31ஆம் எண் இயந்திரம் அது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படை சயாமிலிருந்து பர்மாவரை அமைத்த இரயில்பாதையில் ஓடி, 1979ஆம் ஆண்டில் ஜப்பானுக்குத் திரும்பியது. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்காகப் போர்க்கைதிகளும் ஆசியத் தொழிலாளரும் பல்லாயிரவர் மாண்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டுத் திரும்பாத தமிழரும் அவருள் பலர். மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அப்பெயர் இன்றும் தாழ்ந்த குரலிலேயே சொல்லப்படுகிறது.

ஒரே நகரில் ஒரு பாலமும் ஓர் இயந்திரமும் நிற்கின்றன. ஒன்று, அச்சத்தால் அமைந்த சாலையை நடந்து நடந்தே தமதாக்கிக் கொண்ட எளிய மக்களை நினைவூட்டுகிறது. மற்றொன்று, ஓர் ஆட்சி பிறநாட்டு எளிய மக்களின் எலும்பின்மேல் பாதை போட்டதை நினைவூட்டுகிறது. முன்னதைக் கண்டு பின்னதை மறப்பது நன்றிகேடு. பின்னதை எண்ணி முன்னதைக் காண மறுப்பது அறிவுக்குறை. ஆட்சி வேறு, மக்கள் வேறு என்று பிரித்துக் காண்பதே வரலாற்று மாணவனுக்கு வேண்டிய முதற்பயிற்சி.

ஜப்பானுக்குச் செல்லும் தமிழ் மாணவன் விரைவு இரயிலின் வேகத்தை வியக்கட்டும். தெருவோரக் கடையில் ஒரு கிண்ணம் சோபாவும் உண்ணட்டும். ஹக்கோனேயின் பழைய கற்பாதையில் ஒரு நாழிகையேனும் நடக்கட்டும். 1680ஆம் ஆண்டில் பாவப்பட்ட அக்கற்கள் பலவிடங்களில் இன்றும் பாசியோடு கிடக்கின்றன. அவற்றின்மேல் பல்லக்கில் சென்ற சிற்றரசரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. பல்லக்கைத் தூக்கியவர் பெயர்கள் இல்லை. அப்பெயரில்லாதவரையும் எண்ணி நடப்பவனே, தன் தாத்தன் நடந்த தோட்டத்துச் செம்மண் பாதையின் வரலாற்றையும் ஒருநாள் எழுதுவான்.